எந்த ஊருப்பா நீ?

குண்டு வைத்தவனையும் சுட்டவனையும் பற்றி நாடே பேசுகிறது. அதற்குப் பிறகு கூலிக்கு வந்தவன் என்ன ஆகிறான் என்பதைத் திருத்தணி எல்லையில் நின்று பார்க்கலாம்.

2025 டிசம்பர் கடைசி வாரம். சென்னையிலிருந்து திருத்தணிக்கு வரும் மின்சார ரயில். உட்கார்ந்திருக்கும் வடமாநில இளைஞர் ஒருவரின் கழுத்துக்கு நேரே அரிவாளை நீட்டுகிறான் ஒரு பையன். கூட இருப்பவன் செல்போனில் படம் பிடிக்கிறான். மொத்தம் நான்கு பேர், எல்லோருக்கும் வயது பதினேழு. திருத்தணியில் இறங்கியதும் ஸ்டேஷனை ஒட்டிய, ஆள் இல்லாத ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் அந்த இளைஞரை இழுத்துப் போய் வெட்டுகிறார்கள். அதையும் படம் எடுக்கிறார்கள். ரத்தத்தில் கிடந்தவர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்கும், வீடியோ இன்ஸ்டாகிராமில் ஏறி வட இந்தியச் செய்திச் சேனல்களுக்குப் போய்ச் சேர்வதற்கும் அதிக இடைவெளி இல்லை. முருகன் மலைக்கும் 365 படிக்கும் பேர் வாங்கிய ஊர், ஒரே வாரத்தில் வேறு காரணத்துக்காகத் தேசம் அறிந்த ஊராகிவிட்டது.

நால்வரும் பிடிபட்டார்கள், கொலை முயற்சி வழக்கு பதிவானது. சட்டப்படி பார்த்தால் இது பயங்கரவாதம் அல்ல. பின்னால் அமைப்பு இல்லை, கோரிக்கை இல்லை, ரீல்ஸ் மோகம் மட்டும் இருந்தது. ஆனால் பயங்கரவாதத்தை அதன் நோக்கத்தால் மட்டும் அளந்தால் பாதிதான் தெரியும். விளைவையும் அளக்க வேண்டும். ஒருவனை வெட்டி, அவனைப் போன்ற ஆயிரம் பேரை நடுங்க வைப்பதுதான் பயங்கரவாதத்தின் வேலைமுறை. அந்த வேலையை இந்த நான்கு பையன்களின் செல்போன் செய்து முடித்துவிட்டது. பிள்ளையைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த வீடியோவைப் பார்த்த தாய்க்கு, இது பயங்கரவாதமா வெறும் ரவுடித்தனமா என்ற சட்ட வேறுபாட்டால் ஒரு பயனும் இல்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். பயங்கரவாதம் கூலித் தொழிலாளியை இரண்டு முறை தண்டிக்கிறது. முதல் முறை, ஆயுதம் வைத்திருப்பவன் அவனைக் குறிவைக்கிறான். இரண்டாவது முறை, ஆயுதக்காரனைத் தேடுகிற அரசும் ஊரும் அவனையே சந்தேகப்படுகின்றன. முதலாவதைத் தடுப்பது கடினம். இரண்டாவது நாமே செய்வது, ஆகவே நம்மால் நிறுத்தக்கூடியது. இரண்டிலும் தொழிலாளியிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: எந்த ஊருப்பா நீ?

கூலிக்காரன் ஏன் இலக்காகிறான்?

பாதுகாப்புப் படையைத் தாக்கினால் திருப்பிச் சுடுவார்கள். அமைச்சரை நெருங்க முடியாது. சாலை ஓரத்தில் பானிபூரி விற்பவனுக்குக் காவல் யாரும் இல்லை. அதோடு, அவனைக் கொன்றால் ஒரு செய்தி போகிறது: ‘வெளியாட்கள் இங்கே பிழைக்க முடியாது.’ அந்தச் செய்தி அடுத்த நாளே ரயில் நிலையக் கூட்டமாக மாறுகிறது. கட்டடம் பாதியில் நிற்கிறது, ஆப்பிள் தோட்டத்தில் பெட்டி அடுக்க ஆள் இல்லை. ஒரு தோட்டாவுக்கு இவ்வளவு விளைவு வேறு எந்த இலக்கிலும் கிடைக்காது என்பது கொலைகாரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

┌ குறிவைக்கப்பட்டவர்கள் ┐
ஜனவரி 2007, அசாம்: இந்தி பேசும் செங்கல் சூளைத் தொழிலாளர், வியாபாரிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் உல்ஃபா தீவிரவாத அமைப்பின் தாக்குதல்களில் பலி.
29 அக்டோபர் 2019, குல்காம், காஷ்மீர்: மேற்கு வங்கம் முர்ஷிதாபாத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர் ஐவர் சுட்டுக்கொலை.
அக்டோபர் 2021, காஷ்மீர்: பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர் ஐவர் ஒரே மாதத்தில் கொலை. அதில் இருவர் தெருவோரத் தின்பண்ட வியாபாரிகள்.
26 ஆகஸ்ட் 2024, மூசாகேல், பாகிஸ்தானின் பலுசிஸ்தான்: பஸ், லாரிகளை மறித்து அடையாள அட்டை பார்த்து இருபதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக்கொலை. பெரும்பாலோர் பஞ்சாப் மாகாணத்தவர்.
20 அக்டோபர் 2024, ககன்கீர், காஷ்மீர்: சுரங்கப்பாதைத் தொழிலாளர் ஆறு பேரும் மருத்துவர் ஒருவரும் பலி.
└──────────┘

எல்லைப் பகுதிகளில் இது இன்னும் கூர்மையாகிறது. அங்கே உள்ளூர்க்காரர்கள் செய்ய விரும்பாத வேலையும், செய்யப் பயப்படும் வேலையும் வெளியூரானுக்குத்தான் வருகின்றன. 2023 அக்டோபர் 7 அன்று காசா எல்லையை ஒட்டிய இஸ்ரேலியப் பண்ணைகளில் ஹமாஸ் நுழைந்தபோது இறந்தவர்களில் ஏறத்தாழ 40 பேர் தாய்லாந்திலிருந்து வந்த விவசாயக் கூலிகள். அந்தச் சண்டையில் அவர்களுக்கு எந்தப் பக்கமும் இல்லை. அதற்கு மறுநாளிலிருந்து தண்டனை வேறு பக்கம் திரும்பியது. இஸ்ரேலில் வேலை செய்துவந்த லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனத் தொழிலாளர்களின் அனுமதி ஒரே அடியில் நின்றது. அவர்கள் விட்ட கட்டட வேலைக்கு இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தார்கள். 2024 மார்ச்சில் லெபனான் எல்லை அருகே பழத்தோட்டத்தில் ஏவுகணை விழுந்து இறந்தவர் கேரளத்து இளைஞர். இறந்த தாய்லாந்துக்காரர், விரட்டப்பட்ட பாலஸ்தீனர், அவர் இடத்துக்குப் போன இந்தியர் என எல்லோருமே கூலிக்கு வந்தவர்கள்.

குண்டு வெடித்த மறுநாள்

கொலைகள் செய்தியாகின்றன. அவற்றுக்குப் பிறகு நடப்பது செய்தியாவதில்லை, ஆனால் அதில் சிக்குகிறவர்கள் பல மடங்கு. 2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே, சட்டவிரோதமாகக் குடியேறியவர்களை 30 நாளுக்குள் சரிபார்க்கும்படி மத்திய உள்துறை மாநிலங்களுக்குச் சொன்னது. உத்தரவு வங்கதேசத்தவர், மியான்மர்க்காரர் பற்றியது. களத்தில் அது வங்காளம் பேசும் கூலிக்காரன் மீது இறங்கியது. குருகிராமில் சமுதாயக் கூடங்கள் அடைப்பிடங்களாயின, ஒடிசாவின் ஜார்சுகுடாவில் நூற்றுக்கணக்கானோர் பிடித்து வைக்கப்பட்டார்கள். மேற்கு வங்கத்தின் வீர்பூம் மாவட்டத்துக் கர்ப்பிணி ஒருவர் டெல்லியில் பிடிபட்டு, எல்லை தாண்டித் தள்ளப்பட்டு, வங்கதேசச் சிறையில் இருந்து, உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2025 டிசம்பரில்தான் ஊர் திரும்பினார். பஹல்காமில் சுட்டவர்களுக்கும் இந்தப் பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலும் இருந்திருக்காது.

தமிழ்நாடு இதில் விதிவிலக்கு என்று நாம் நினைத்துக்கொள்வது வழக்கம். 2012 பிப்ரவரியில் வங்கிக் கொள்ளையர் என்று சொல்லி வேளச்சேரியில் ஐந்து பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றதும், சென்னையில் வீட்டுக்காரர்கள் வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்ற உத்தரவு அந்த ஆண்டே வந்தது. 2014 மே 1 காலை சென்னை சென்ட்ரலில் நின்ற பெங்களூரு – குவாஹாத்தி எக்ஸ்பிரஸில் இரண்டு குண்டுகள் வெடித்து ஓர் இளம்பெண் இறந்தார், 14 பேர் காயமடைந்தார்கள். வடகிழக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போகும் ரயில் அது. குண்டுக்கு இலக்கானவர்களில் அவர்களும் உண்டு. அப்படியிருந்தும், இப்படியொரு சம்பவம் நடந்த மறுநாள் ரயில் நிலையத்தில் முதலில் பை திறந்து காட்டச் சொல்லப்படுகிறவனும் அதே ரயிலுக்கு டிக்கெட் எடுத்தவன்தான்.

பயம் என்பதைப் பொதுவாகச் சொன்னால் போதாது, அதற்கு ரூபாய்க் கணக்கு உண்டு. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். கிளம்பும்போதே தரகர் மூலம் முன்பணம். சூளையில் வாரா வாரம் சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் ஒரு தொகை. அறுத்த கல்லை எண்ணி, முன்பணத்தைக் கழித்து, மிச்சக் கூலியைக் கையில் கொடுப்பது சீசன் முடிவில். இந்த ஏற்பாட்டில் இருக்கும் ஒருவர் ஜனவரியில் ஒரு வீடியோவுக்குப் பயந்து ஓடினால், அவர் விட்டுப்போவது வேலையை மட்டுமல்ல. அறுத்து அடுக்கிய கல்லுக்கான கூலி போகிறது, முன்பணம் கடனாக நிற்கிறது, தரகர் ஊரிலேயே வந்து கேட்பார். ஓடாமல் இருந்துவிட்டாலோ, வெளியே போகவே பயப்படும் ஆளிடம் மேஸ்திரி எதையும் சொல்லலாம். ‘கம்ப்ளெயின்ட் பண்ணப் போறியா? போ, போலீஸ் முதல்ல உன்னைத்தான் விசாரிக்கும்’ என்ற ஒரு மிரட்டல் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தையே செல்லாக்காசாக்கிவிடும். பயங்கரவாதத்தால் லாபம் அடைகிறவர் பட்டியலில் இந்த மேஸ்திரியை யாரும் சேர்ப்பதில்லை.

வதந்தி இன்னும் மலிவான ஆயுதம். 2012 ஆகஸ்டில் அசாம் கலவரத்தைத் தொட்டு எஸ்.எம்.எஸ். பரவ, பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் ரயில் ஏறினார்கள். ஒருவர் ஒரே நேரத்தில் ஐந்து எஸ்.எம்.எஸ்.ஸுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று பரவிய வீடியோக்கள் பொய் என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கினார். பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஹோலிக்கு ஊர் போனவர்கள் திரும்பி வருவார்களா என்று திருப்பூரும் கோவையும் கவலைப்பட்டன. திருத்தணி வீடியோ பொய்யல்ல என்பதுதான் இந்த முறை வித்தியாசம். 2023-இல் ‘அது பொய்’ என்று சொல்லித் தப்பித்த நாம், 2025-இல் அப்படிச் சொல்ல முடியவில்லை.

புத்தூர் வீடு சொல்வது

திருத்தணியிலிருந்து திருப்பதி சாலையில் போனால் நகரி, அதைத் தாண்டிப் புத்தூர். 2013 அக்டோபர் 5 அன்று புத்தூரில் ஒரு வாடகை வீட்டைத் தமிழகப் போலீசார் சுற்றி வளைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் பிலால் மாலிக், பன்னா இஸ்மாயில். சேலம் பா.ஜ.க. நிர்வாகி ஆடிட்டர் ரமேஷ், வேலூர் இந்து முன்னணி நிர்வாகி வெள்ளையப்பன் ஆகியோரின் கொலை வழக்குகளில் தேடப்பட்டவர்கள். இன்ஸ்பெக்டர் ஒருவர் படுகாயமடைய, பல மணி நேர முற்றுகைக்குப் பிறகு இருவரும் பிடிபட்டார்கள். இந்த வட்டாரத்தில் பயங்கரவாதம் என்று சொல்லத்தக்க சம்பவம் இது.

அந்த வீட்டில் பிடிபட்டவர்கள் ஒடிசாக்காரர்களோ பீகாரிகளோ அல்லர். தமிழ் பேசுகிற, தமிழ்நாட்டுக்காரர்கள். மாநில எல்லையைத் தாண்டி ஒரு வாடகை வீட்டில் ஒளிந்திருக்க அவர்களுக்கு உதவியது, யாரும் ‘எந்த ஊர்’ என்று உற்றுக் கேட்காத தோற்றமும் பேச்சும்தான். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்தப் பகுதியில் அந்தப் பேச்சு யார் காதிலும் உறுத்தாது. சந்தேகத்தை மொழியை வைத்தும் முகத்தை வைத்தும் அளக்கிறவர்களின் கண்ணில் இவர்கள் பட்டிருக்கவே மாட்டார்கள். அவர்களைப் பிடிக்க வைத்தது, முந்தைய நாள் சென்னையில் கைதான அவர்களின் கூட்டாளி ‘போலீஸ்’ பக்ருதீன் வழியாகக் கிடைத்த தகவல்.

┌ கோடு மாறிய ஊர் ┐
மொழிவழி மாநிலப் பிரிவினையில் சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் இருந்தது திருத்தணி. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலானோரின் வடக்கெல்லைப் போராட்டம், எல்லையை வரையறுக்க வந்த படாஸ்கரின் பரிந்துரை, 1959-இன் எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு 1 ஏப்ரல் 1960-இல் சென்னை மாநிலத்துக்கு வந்தது. புத்தூரும் நகரியும் ஆந்திரத்திலேயே தங்கின. விசைத்தறி இரு பக்கமும் ஓடுகிறது.
└──────────┘

நகரியில் நின்ற பஸ்

எல்லைக்கு அந்தப் பக்கம் நாம்தான் ‘வெளியூரான்’. 2015 ஏப்ரல் 7 அதிகாலை சேஷாசலம் காட்டில் இரண்டு இடங்களில் 20 தமிழர்களை ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலைக்கிராமத்தினர். கூட்டமாகக் கல்லும் கோடாலியும் வீசித் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் சொன்னது வேறு. நகரி, புத்தூர்ப் பகுதியில் பஸ்ஸிலிருந்தே தங்கள் ஊர்க்காரர்கள் இறக்கிக் கொண்டுபோகப்பட்டார்கள் என்றார்கள். ஒருவர் பக்கத்து இருக்கையில் பெண் உட்கார்ந்திருந்ததால் தம்பதி என்று விடப்பட்டிருக்கிறார். இறந்தோர் குடும்பத்துக்குத் தலா 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தரும்படி ஆணையம் பரிந்துரைத்தது.

ஆந்திரத் தரப்பில் நியாயமான கோபம் இருந்தது. 2013 டிசம்பரில் வனத்துறை அதிகாரிகள் இருவர் அதே காட்டில் கொடூரமாகக் கொல்லப்பட்டிருந்தார்கள். அதற்காகத் தமிழ்த் தொழிலாளர்களை நூற்றுக்கணக்கில் பிடித்தார்கள். அவர்களில் முன்னூறுக்கு நெருக்கமானோர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்து, 2016-இல் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். கொலையாளிகளைக் கண்டுபிடிப்பதற்குப் பதில் கொலையாளிகளின் மொழி பேசுகிறவர்களை அடைத்தால் இதுதான் நடக்கும். செம்மரக் கடத்தல் பயங்கரவாதம் அல்ல என்று இங்கே ஒருவர் சொல்லலாம். அல்லதான். ஆனால் பயங்கரவாதத்துக்கு எதிராக ஓர் அரசு கையாளும் முறைகளான தனிப்படை, கூட்டுச் சந்தேகம், மோதல் கொலை எல்லாம் இங்கே மரம் வெட்டப் போன கூலிக்காரன் மீது இறங்கின. ஜவ்வாது மலையிலிருந்து தரகர் பேச்சைக் கேட்டுப் போனவனும், பலாங்கீரிலிருந்து தரகர் பேச்சைக் கேட்டுத் திருவள்ளூர் வந்தவனும் ஒரே கணக்கில் வருகிறவர்கள். முன்னவனுக்காக நாம் கொதித்தோம், சரியாகவே கொதித்தோம். பின்னவனைப் பார்க்கும்போது அந்தக் கொதிப்பு எங்கே போகிறது?

‘அப்படியானால் சோதிக்கவே கூடாதா?’

நியாயமான கேள்வி, தட்டிக் கழிக்க முடியாது. 2019 செப்டம்பரில் சென்னை நீலாங்கரையில் கொல்கத்தா போலீசார் ஒருவரைக் கைது செய்தார்கள். ஜமாத்-உல்-முஜாஹிதீன் பங்களாதேஷ் அமைப்பைச் சேர்ந்தவர் என்பது குற்றச்சாட்டு. 2024 ஜூனிலும் மேற்கு வங்கப் போலீசார் இதே போன்ற குற்றச்சாட்டில் ஒருவரைச் சென்னையில் பிடித்தார்கள். 2025 ஜனவரியில் திருப்பூர், பல்லடம் பகுதிகளில் போலி ஆவணத்தோடு தங்கியிருந்த வங்கதேசத்தவர்கள் கைதானார்கள். தொழிலாளர் கூட்டத்தில் ஒளிந்துகொள்ள முயல்கிறவர்கள் உண்டு. அதை மறுத்துப் பேசுகிற மனிதநேயம் யாருக்கும் உதவாது.

ஆனால் சென்னையில் பிடிபட்ட அந்த இருவர் எப்படிப் பிடிபட்டார்கள் என்று பார்க்க வேண்டும். வங்கத்தில் ஒரு வழக்கை விசாரித்து, தொடர்பைப் பின்தொடர்ந்து, பெயர் தெரிந்து, ஆள் தெரிந்து வந்து பிடித்தார்கள். வடக்கன் என்று பார்த்தவனையெல்லாம் வரிசையில் நிறுத்தியதால் அல்ல. புத்தூரிலும் இதே கதைதான். உளவுத் தகவல் ஆளைத் தேடும், கூட்டுச் சந்தேகமோ கூட்டத்தைத் துரத்தும். கூட்டத்தைத் துரத்தினால் உளவுக்கும் நஷ்டம். தங்கள் அறையில் புதிதாக வந்து சேர்ந்தவன் நடவடிக்கை சரியில்லை என்று முதலில் தெரிவது உடன் தங்கியிருக்கும் தொழிலாளிக்குத்தான். காவல் நிலையத்துக்குப் போனால் தனக்கே ஆபத்து என்று நினைப்பவன் அதை எப்படிப் போய்ச் சொல்வான்?

இன்னொரு ஆட்சேபம் திருத்தணியிலேயே கேட்கும்: வெளியாட்கள் வந்து கூலியைக் குறைத்துவிட்டார்கள், அதனால்தான் வெறுப்பு. முதல் பாதியில் உண்மை இருக்கிறது. பேரம் பேச முடியாத ஆள் கிடைத்தால் முதலாளி பேரம் பேசும் ஆளை விட்டுவிடுவார். ஆனால் அவனைப் பேரம் பேச முடியாதவனாக்குவது எது? பயம். அவனை மிரட்ட மிரட்ட அவன் கூலி இறங்கும், அவன் கூலியோடு உள்ளூர்க்காரன் கூலியும் இறங்கும். அவனைப் பயமுறுத்துகிற உள்ளூர் இளைஞன் தன் கூலியைத் தானே வெட்டிக்கொள்கிறான்.

எந்தப் பதிவேடு?

பதிவு வேண்டும். யாரிடம் என்பதுதான் பிரச்சினை. தமிழ்நாட்டில் புலம்பெயர் தொழிலாளர்கள் 10 லட்சத்துக்கும் மேல் என்று தொழிலாளர் துறைக்காக நடந்த ஆய்வு ஒன்று பத்தாண்டுக்கு முன்பே கணக்கிட்டது. இப்போது தொழிலாளர் துறைக்கென இணையப் பதிவும் இருக்கிறது, முதலாளி பதிய வேண்டும். நடைமுறையில் ஒரு சம்பவம் நடந்தால்தான் கணக்கெடுப்பு வேகம் பிடிக்கிறது. அப்போது எடுப்பவர் கான்ஸ்டபிள், கேட்பது ஆதார், நோக்கம் சந்தேகம். தொழிலாளர் துறைப் பதிவு வேறு மாதிரி. அதில் முதலாளி பெயர் இருக்கும், தரகர் பெயர் இருக்கும், கூலி இருக்கும், தங்குமிடம் இருக்கும். ஒருவர் காணாமல் போனாலும், கொல்லப்பட்டாலும், குற்றம் செய்தாலும் பதில் சொல்ல ஒரு முதலாளி இருப்பார். பாதுகாப்பு என்ற கோணத்தில் பார்த்தாலும் இதுவே பயனுள்ள பதிவேடு. போலி ஆதாரோடு வருகிறவனை முதலில் சந்திப்பது அவனை வேலைக்கு எடுத்தவர்தான். அவருக்குப் பொறுப்பு இல்லாத இடத்தில் கான்ஸ்டபிள் எத்தனை நோட்டு நிரப்பினாலும் வீண்.

┌ 1979-உம் இப்போதும் ┐
1979-இன் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் 5 பேர் இருந்தாலே பொருந்தியது. புகைப்படத்தோடு பாஸ்புக், இடப்பெயர்ச்சிப் படி, பயணப் படி உண்டு. அமலான இடம் குறைவு.
21 நவம்பர் 2025-இல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டம், தரகர் இல்லாமல் தானாக வந்தவரையும் புலம்பெயர் தொழிலாளராக ஏற்கிறது. இது முன்னேற்றம். ஆனால் 10 பேர் இருந்தால்தான் பொருந்தும், இடப்பெயர்ச்சிப் படியும் போய்விட்டது.
└──────────┘

அந்த 10-க்குக் கீழேதான் இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி விழுகிறது. கோயில் தெரு ஓட்டலில் மூன்று பேர், தறிக்கூடத்தில் நான்கு பேர், வீடு கட்டும் மேஸ்திரியிடம் ஏழு பேர் என்று சிதறி வேலை செய்கிறவர்கள் இந்தச் சட்டத்தின் கண்ணில் படமாட்டார்கள். காவல் நிலையத்தின் கண்ணில் மட்டும் படுவார்கள். ரயிலில் அரிவாள் நீட்டப்பட்டாலும் இத்தகைய ஒருவர் தனக்கென ஒரு முதலாளியையோ அலுவலகத்தையோ கூப்பிட முடியாதவராகவே இருப்பார்.

தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு தமிழ்நாடு தன் அளவில் திருத்தம் கொண்டுவர முடியும். பத்து என்ற வரம்பை மறுபடி ஐந்தாக்குவதும், பதியாத முதலாளிக்கு அபராதத்தை உண்மையிலேயே வசூலிப்பதும், சம்பவத்துக்குச் சம்பவம் நடக்கும் காவல்துறைக் கணக்கெடுப்புக்குப் பதில் தொழிலாளர் துறைப் பதிவையே ஒரே பதிவாக்குவதும் மாநில அரசு செய்ய வேண்டியவை. 2015-இல் நகரி பஸ் விவகாரத்தில் ஆந்திர அரசிடம் நியாயம் கேட்ட தமிழ்நாட்டுக் கட்சிகள் அனைத்தும், அடுத்த சட்டமன்றக் கூட்டத்தில் இந்தத் திருத்தத்தைக் கேட்கட்டும்.